பெயர் சூட்டிய பேரறிஞர்

மாணவர்களே, நம் வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருப்பின், தந்தை பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிகிறோம். சுவீடன் நாட்டிலும் முற்காலத்தில் எளிய மக்களுக்குத் தந்தையின் பெயரே அடையாளமாக இருந்தது. நீல்ஸ் என்னும் இளைஞர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தின் நினைவாக லின்னேயஸ் என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். அவர் மகனே கார்ல் லின்னேயஸ்.

கார்ல் 1707ஆம் ஆண்டு பிறந்தார். பள்ளியில் அவர் சிறந்து விளங்கவில்லை. ஏதேனும் கைத்தொழிலில் சேர்த்துவிடுமாறு ஆசிரியர்கள் தந்தைக்கு அறிவுரை கூறினர்! (ஆசிரியராகிய எனக்கு இச்செய்தி சற்று நாணம் தருகிறது.) ரோத்மன் என்னும் மருத்துவர் மட்டும் சிறுவனின் தாவர ஆர்வத்தை உணர்ந்து கற்பித்தார். உப்சாலாவில் வறுமையோடு பயின்ற கார்ல், 1741இல் அங்கேயே பேராசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு செடியின் அறிவியல் பெயர் ஒரு வரி நீளம் இருக்கும். லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 6000 தாவரங்களுக்கு இருசொற்பெயர் அளித்தார். ஆலமரம் ஃபைகஸ் பெங்காலென்சிஸ் ஆயிற்று. அரசமரம் ஃபைகஸ் ரெலிஜியோசா ஆயிற்று. அவ்விரு மரங்களுக்கும் அவர் சான்று காட்டிய நூல்களுள் ஒன்று, சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதனின் அறிவைத் துணையாகக் கொண்டு டச்சுக்காரர் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நம் திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகமே 2003இல் பதிப்பித்தது.

தாவரமும் விலங்கும் ஒரே பெயரைத் தாங்குவதை லின்னேயஸ் விரும்பவில்லை. விலங்கியலார் முன்பே கொண்ட பெயரைத் தாவரங்களுக்கு வைத்திருந்தால் அதனைக் கைவிட வேண்டும் என விதித்தார். இறுதிக் காலத்தில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. உலகுக்கெல்லாம் பெயரிட்டவர் தம் பெயரையே மறந்தார் என்பர். 1778இல் மறைந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, அத்திப்பழ வடிவ ஓடுடைய கடல்நத்தை ஒன்றுக்கு ரோடிங் என்பவர் ஃபைகஸ் வேரியகேட்டா எனப் பெயரிட்டார். 1825இல் புளூமே என்பவர், தென்கிழக்கு ஆசியாவில் வளரும் அத்தி மரம் ஒன்றுக்கும் எழுத்து மாறாமல் அதே பெயரை வைத்தார்! தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிடும் விதிகள் பின்னர்த் தனித்தனியே வகுக்கப்பட்டமையால், இரண்டும் இன்றும் செல்லுபடியாகின்றன. பெயரிட்டவரின் பெயரைப் பின்னே சேர்த்தெழுதினால் நத்தை எது, மரம் எது என விளங்கும்.

ஆலமரத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னே லின்னேயஸின் முழுப்பெயர் வேண்டுவதில்லை. தாவரவியலார் எல் என்னும் முதலெழுத்தை மட்டும் எழுதுவர்.