தீயில் பிறந்த சிற்பி

நான் தச்சர் குடும்பத்தில் பிறந்தவன். உளியோசை கேட்டு வளர்ந்தவன். எங்கும் கான்கிரீட் வந்துவிட்டது, இனி மரத்துக்கு ஏது மதிப்பு என்று என் தந்தையார் அடிக்கடி பெருமூச்சு விடுவார். வரலாற்று வகுப்பில் 1666-ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயைப் பற்றிப் படித்த அன்று அந்தப் பெருமூச்சே என் நினைவுக்கு வந்தது. அத்தீயின் சாம்பலிலிருந்து ஒரு நகரை எழுப்ப உழைத்த சர் கிறிஸ்டோபர் ரென் என்னும் மேதையின் வாழ்வைத் தேடிப் படித்தேன்.

ரென் 1632 அக்டோபர் 20-இல், இங்கிலாந்தின் ஈஸ்ட் நாயில் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கட்டடக் கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். இருபத்தைந்து வயது நிரம்பு முன்பே, 1657-இல், இலண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியரானார். கணிதமே அவரைக் கட்டடக் கலைக்கு அழைத்து வந்தது எனலாம். ஆக்ஸ்போர்டில் 1664-இல் தொடங்கிய ஷெல்டோனியன் அரங்கின் கூரை ஏறத்தாழ 70 அடி அகலம். இடையே தூண் கிடையாது. அவ்வளவு நீளமான மரமும் கிடைக்காது. சிறு மரத்துண்டுகளைப் பொருத்தி இணைத்தே அக்கூரையைத் தாங்கச் செய்தார்.

அந்நாளைய இலண்டன் வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். ஓக் மரத் தூண்களையும் உத்திரங்களையும் துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர ஆணி அறைந்து நிறுத்துவார்கள். பாரம் முழுவதையும் சட்டமே தாங்கும். இடைவெளியை வரிச்சுப் பின்னி, களிமண் பூசி அடைப்பார்கள். செங்கல் வீட்டிலோ சுவரே பாரந்தாங்கி. ஆகவே அது பருமனாக இருக்கவேண்டும், எழுப்பவும் நாளாகும். மரச்சட்டம் விரைவில் எழும், எடை குறைவு. ஆனால் தீ?

1666 செப்டம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் புட்டிங் சந்து ரொட்டிக் கடையொன்றில் எழுந்த தீ, கிழக்குக் காற்றின் துணையோடு, சில நாட்களில் சுமார் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் விழுங்கியது. மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தமையால், தீ ஒரு வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்கு எளிதில் தாவிற்று.

தணல் ஆறுமுன்னரே ரென் புதிய நகருக்குத் திட்டம் வரைந்து மன்னரிடம் அளித்தார். நில உரிமைச் சிக்கல்களால் அது நிறைவேறவில்லை. எனினும் மறு நிர்மாணத்துக்கு மன்னர் நியமித்த மூவருள் அவரும் ஒருவர். 1667-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ ஆகவேண்டும் என விதித்தது. அப்படியானால் தச்சர்கள் பிழைப்பு இழந்தார்களா? இல்லை! தளங்களும் கூரைகளும் மாடிப்படிகளும் மரமாகவே இருந்தன. வெளியூர்த் தச்சர்களும் ஏழாண்டுகள் நகருக்குள் தொழில் செய்ய அச்சட்டமே வழி திறந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் ரென்னின் மேற்பார்வையில் எழுந்தன. அவற்றுக்கெல்லாம் மகுடம் 1675-இல் தொடங்கிய புனித பவுல் பேராலயம். வேலை தாமதமாகிறதென்று 1697-இல் பாராளுமன்றம் அவருடைய ஊதியத்தில் பாதியை நிறுத்திவைத்தது. அவர் மனம் தளரவில்லை. 1710-இல் பணி முடிந்தபோது அவருக்கு வயது 78.

அப்பேராலயக் குவிமாடம் உண்மையில் மூன்றடுக்கு. உட்புறம் செங்கல் மாடம். நடுவே, உச்சியிலுள்ள கல் கோபுரத்தின் பாரத்தைத் தாங்கும் செங்கற் கூம்பு. உலகம் வியந்து பார்க்கும் வெளிமாடமோ ஈயத் தகடு போர்த்திய மரச்சட்டம்! மரத்துக்கு மரத்தின் வேலை, செங்கல்லுக்குச் செங்கல்லின் வேலை. 1940 டிசம்பர் 29 இரவு, போர் விமானங்கள் வீசிய தீக்குண்டொன்று அம்மாடத்தில் செருகி நின்றது; நல்வேளையாக நழுவி விழுந்து அணைக்கப்பட்டது. மரத்தின் வலிமையும் அபாயமும் அந்த ஓரிரவில் விளங்கும்.

ரென் 1723-இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். தாம் கட்டிய பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

விடுமுறையில் அக்குவிமாடத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் தந்தையாரிடம் காட்டினேன். அவர் பெருமூச்சு விடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டங்கள் எங்கெங்கே கூடுகின்றன என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.