சொல் தொகுத்த மருத்துவர்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது 'குட்' என்ற அடைமொழி ஒரே பக்கத்தில் ஐந்து முறை வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? 'தெசாரஸ்' நூலைப் புரட்டுகிறோம். அல்லது கணினியைக் கேட்கிறோம். அந்நூலைத் தந்தவர் இலக்கியப் புலவர் அல்லர். பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர். (பிரெஞ்சு வழிப் பெயர், 'ரோஜெட்' அன்று.)

1779இல் இலண்டனில் பிறந்தார். ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியாரான தந்தையை நான்கு வயதில் இழந்தார். எடின்பரோவில் பயின்று பத்தொன்பதாம் வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். மான்செஸ்டரில் பணியாற்றியபோது, 1805இல், தம் எழுத்துக்கு உதவட்டும் என்று ஒரு சொற்பட்டியலைத் தமக்காகவே எழுதி வைத்துக்கொண்டார்.

பின்னர் நெடுங்காலம் அறிவியலே அவர் வாழ்வாயிற்று. கணக்கிட உதவும் ஸ்லைடு ரூலில் புதுமை செய்து, 1815இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1827 முதல் 1848 வரை அதன் செயலாளராக இருந்தார். இடையே துயரங்களும் வந்தன. தந்தைபோல் விளங்கிய தாய்மாமன் சாமுவேல் ராமிலி, மனைவியை இழந்த துயரில் 1818இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1833இல் ரோஜேயின் மனைவியும் மறைந்தார். துன்பத்தை மறக்கவே அவர் பட்டியலிட்டார் என்பாரும் உளர். ஆனால், முதற்பட்டியல் இவ்விரு துயரங்களுக்கும் முந்தியது. உயிரினங்களை வகைப்படுத்தும் மனம் சொற்களையும் வகைப்படுத்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பின் பழைய பட்டியலைக் கையில் எடுத்து விரித்தார். 1852இல், எழுபத்து மூன்றாம் வயதில், நூல் வெளிவந்தது. ஆறு பெரும்பிரிவுகள், ஆயிரம் தலைப்புகள். அகரவரிசையில் அன்று, கருத்து வரிசையில் சொற்கள் நின்றன. நம் திவாகர நிகண்டு பண்புப் பெயர்களைத் தனித் தொகுதியாக வைத்தது நினைவுக்கு வரும். ரோஜே அறிந்திருந்தது வடமொழி அமரகோசத்தை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் முன்னுரையின் அடிக்குறிப்பில் சுட்டுகிறார், அதன் வரிசை குழப்பமானது என்ற குறையோடு!

சொற்களின் பொருளை விளக்குவதோ, ஒன்றற்கொன்று உள்ள வேறுபாட்டைக் கூறுவதோ தம் வேலையன்று என்று அவர் ஒதுக்கிவிட்டார். கருத்து உள்ளவன் தனக்குரிய சொல்லைக் கண்டதும் அறிந்துகொள்வான் என்ற நம்பிக்கை அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு அது பொருந்தும். நமக்கோ? 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' மூன்றும் பெரிய என்பனவே. ஆயினும் 'கிரேட் மேன்' பெருமைக்குரியவர். 'லார்ஜ் மேன்' உடல் பருத்தவர். பிரிவுபசார மடலில் பேராசிரியரை இரண்டாவது சொல்லால் போற்றினால் என்ன ஆகும்! 'ஸ்லிம்' என்றால் மகிழ்பவர் 'ஸ்கின்னி' என்றால் முகம் சுளிப்பார். பெருமழைக்கு இம்மூன்றும் உதவா. அங்கே 'ஹெவி' வேண்டும். சொல்லைத் தெசாரஸில் எடுத்தபின், நல்ல ஆங்கில எழுத்தாளர் வாக்கியத்தில் அது எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுவதே நம் போன்றோர்க்குத் தக்க வழி.

ரோஜே இறுதிவரை தம் பிரதியில் புதுச்சொற்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். 1869 செப்டம்பரில், தொண்ணூறாம் வயதில் காலமானார். அச்சொற்களையும் சேர்த்து மகன் ஜான் லூயிஸ் 1879இல் புதிய பதிப்பைக் கொணர்ந்தார்.