ஜி.டி. நாயுடு கேட்ட இரண்டு ஆண்டுகள்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் பேருந்தில் செல்லும்போதெல்லாம், பீளமேட்டை நெருங்கியதும் ஹோப் காலேஜ் என்று நடத்துநர் குரல் கொடுப்பதைக் கேட்கிறேன். அந்தப் பெயரில் அங்கே இப்போது கல்லூரி ஏதும் இல்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியின் நினைவு மட்டுமே நிறுத்தத்தின் பெயராகத் தங்கிவிட்டது. அந்தக் கல்லூரிதான் பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. அதன் தொடக்கத்துக்குப் பொருள் தந்து, முதல்வர் பொறுப்பையும் ஏற்று, பின்னர் கருத்து வேறுபாட்டால் விலகியவர் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23-ஆம் நாள் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். குதிரையும் மாடும் பூட்டாத வண்டி தானே ஓடியது அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அதைப்போல் ஒன்றை வாங்குவதற்காகவே கோவை நகரத்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, கூலியைச் சேர்த்துவைத்தார். வண்டியை வாங்கியவர் அதில் ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியல் கல்லூரி அதுதான்.

1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து வளர்ந்து பெரிய போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவின் துணையுடன் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்தது. மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று அவர் கைவைத்தவை பல. பருத்தி, பப்பாளிப் பயிர்களிலும் ஆய்வு செய்தார்.

1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கிக் கல்வியின் பக்கம் திரும்பினார். பணம் படைத்தவர்கள் கல்விக்கு நன்கொடை அளிப்பது நம் நாட்டில் புதிதன்று. காசோலையைக் கொடுத்துவிட்டுக் கல்வெட்டில் பெயரைப் பார்த்துத் திரும்பிவிடாமல், நாயுடு தாமே கல்லூரிக்குள் நுழைந்தார். நுழைந்ததும் நிர்வாகத்தோடு மோதல் வந்தது. நான்காண்டுப் பொறியியல் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்று வாதிட்டார். அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்து வெளியேறினார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறையும்வரை அந்தக் கருத்தை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை.

இந்த வழக்கில் நான் முழுவதுமாக அவர் பக்கம் நிற்கமாட்டேன். கணிதமும் இயற்பியலும் வேரூன்ற ஆண்டுகள் தேவைப்படுகின்றன. நாயுடுவைப்போல் தானே கற்றுக்கொள்ளும் வேட்கை எல்லா மாணவருக்கும் இயல்பாக அமைந்துவிடுவதில்லை. ஆனால், அவருடைய வாதத்தின் அடியில் இருந்த குறை உண்மையானது. கருவியைத் தொடாமலேயே கருவியைப் பற்றித் தேர்வெழுத முடியும் என்ற நிலையைத்தான் அவர் சாடினார். அந்த நிலை இன்றும் மாறவில்லை என்பதை அண்மையில் ஓர் அரசுப் பள்ளியில் கண்டேன்.

மோட்டார் பம்பு ஆலையொன்றில் பணியாற்றும் பொறியாளர் ஒருவர் அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சவால் வைத்தார். ஒரு மின்கலம், ஒரு காந்தம், இரண்டு ஊக்குகள், எனாமல் பூசிய செம்புக் கம்பி. இவற்றைக்கொண்டு சுழலும் மோட்டார் செய்ய வேண்டும். பிளமிங் விதியை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். கம்பிச் சுருள் ஒருவருக்கும் அசையவில்லை. எனாமல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்று சிலர் கண்டு, இரு முனைகளையும் முழுதாகச் சுரண்டினார்கள். சுருள் நடுங்கியது, சுழலவில்லை. ஆசிரியர் விடையைச் சொல்ல முன்வந்தார். பொறியாளர் கையமர்த்தினார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மாணவியின் சுருள் சுழன்றது. ஒரு முனையை முழுதாகவும் மறு முனையைப் பாதி மட்டும் சுரண்டியிருந்தாள். அரைச் சுற்றில் மின்சாரம் தள்ள, அடுத்த அரைச் சுற்றில் அது நின்று, சுருள் தன் வேகத்திலேயே கடந்துபோகிறது. மின்னோட்டம் நிற்காவிட்டால், முதல் பாதியில் முன்னே தள்ளிய விசையே அடுத்த பாதியில் பின்னுக்கு இழுக்கும். பாடநூலில் திசைமாற்றி என்று படித்த சொல்லின் பொருள் அன்றுதான் அவ்வகுப்புக்கு விளங்கியது. அந்தப் பள்ளியின் மதிலுக்கு அப்பால் மோட்டார் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மோட்டாரின் உட்புறத்தை அதுவரை பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். உயர்ந்த கைகள் இரண்டு.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பல்லாயிரம் பள்ளிகளில் வந்திருக்கின்றன. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் கருவிப்பெட்டிகள் வந்த வேகத்தில் அவற்றோடு உட்கார ஆட்கள் வரவில்லையென்றால் அவை பூட்டிய அலமாரியில் உறங்கும். ஏற்கெனவே பாடச்சுமையில் இருக்கும் ஆசிரியரிடம் மட்டும் இதை ஒப்படைப்பது நியாயமன்று. தொழிலில் தினமும் பிழைசெய்து திருத்தும் அனுபவம் உள்ளவர்தான், பிள்ளைகள் பிழைசெய்யும்போது பொறுமையாகக் காத்திருக்க முடியும்.

எனவே, தொழில் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசுக் கோப்பைக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் தொகையைவிட, உங்கள் பொறியாளரின் வேலைநேரத்தில் மாதம் ஒரு நாளை அருகிலுள்ள பள்ளிக்கு ஒதுக்குங்கள். பழுதான மோட்டார் ஒன்றையும் திருப்புளிகளையும் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறையும் அந்த ஒரு நாளுக்குக் கால அட்டவணையில் இடமளிக்க வேண்டும். கழற்றிய பொருள் மீண்டும் பூட்டப்படாமல் போனால் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. நாயுடு கேட்ட இரண்டு ஆண்டுகளை அன்றைய அரசு தரவில்லை. மாதம் ஒரு நாளையாவது நாம் தரலாம்.