எல்லீசனும் தொண்டைமண்டலத்து நிலவரியும்

கூடுவாஞ்சேரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெரியவர்கள் ஜமாபந்தி, பசலி, கிஸ்தி, மிராசு என்னும் சொற்களைத் தமிழாகவே வழங்குகின்றனர். இவை அரபியில் வேர்கொண்டு, பாரசீக ஆட்சிமொழியின் வழியாக நம்மிடம் வந்தவை. மீராஸ் என்பது மரபுரிமைச் சொத்து. நாம் நாளும் வழங்கும் வாரிசு என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. அந்த ஒரு சொல்லின் பொருளை நிறுவப் பெரிதும் உழைத்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் ஆவார்.

திருக்குறளுக்கு உரை வரைந்தவர் என்றும், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இல் எடுத்துக்காட்டியவர் என்றும் தமிழ் மாணவர் அவரை அறிவர். அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது வரிப்பணியே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1777-இல் பிறந்த எல்லிஸ், 1796-இல் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1802-இல் வருவாய் வாரியத்தின் செயலர். பின்னர் மசூலிப்பட்டினத்தில் நீதிபதி. 1810 முதல் சென்னைக் கலெக்டர்.

அவர் செயலரான காலத்தில் செங்கற்பட்டுச் சீமை ஒரு சோதனைக்களமாய் இருந்தது. நவாப் முகம்மது அலி 1763-இல் கும்பினிக்கு ஜாகீராக அளித்த நிலப்பகுதி அது. 1780-இல் மூண்ட ஐதர் அலியுடனான போரில் அது பாழ்பட்டது. வங்காளத்து ஜமீன்தாரி முறையை 1802-இல் இங்கும் புகுத்தினர். ஊர்களைச் சேர்த்து மிட்டாக்களாக்கி ஏலத்தில் விற்று, என்றும் மாறாத தொகையை விதித்தனர். தாளில் அழகான ஏற்பாடுதான். மழை பொய்த்தாலும் தொகை மாறாதாகையால் மிட்டாதாரர் பலர் சில ஆண்டுகளிலேயே நொடித்தனர். மிட்டாக்கள் மீண்டும் சர்க்காரிடமே வந்தன.

தாமஸ் மன்றோ வேறு வழி காட்டினார். இடையில் எவருமின்றி ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்வதே அவருடைய ரயத்துவாரி முறை. எல்லிஸ் இவ்விரண்டினின்றும் வேறுபட்டார். இருதரப்பாரும் கேளாத ஒரு கேள்வியை அவர் கேட்டார்: இந்நிலம் முன்பே யாருடையது?

அரசு விடுத்த பதினேழு வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. சங்கரய்யா என்னும் அறிஞரின் துணையோடு சாசனங்களையும் பழைய விலையாவணங்களையும் திரட்டி, மிராசு என்பது தமிழர் காணியாட்சியே என்று அவர் நிறுவினார். ஊர் பல பங்குகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சில ஊர்களில் பங்காளிகள் நிலத்தைப் பொதுவில் வைத்து அவ்வப்போது கரையீடு செய்துகொண்டனர். மேல்வாரம் அரசனுக்கு, காணியுரிமை பங்காளிக்கு. வரி வாங்குவதாலேயே அரசன் நில உடைமையாளன் ஆகிவிடான் என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. வரியதிகாரி ஒருவர் தம் மேலிடத்திற்கே இதனை எழுதியது சிறு துணிவன்று.

ஆயினும் அவர் காத்த உரிமைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. ஏரோட்டிய பறையர் குடிகள் அந்நிலங்களோடு அடிமைநிலையில் பிணைக்கப்பட்டிருந்தனர். எல்லிஸும் இதை அறிந்தே எழுதினார். தரிசு நிலத்திற்கு அவர்கள் பட்டா கேட்டபோதெல்லாம் மிராசுதாரர் தம் மரபுரிமையைக் காட்டித் தடுத்தனர். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் இந்நிலையை விரிவாக எழுதிய பின்னரே அவர்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை 1892-இல் பிறந்தது. மிட்டா ஏலத்தில் மிராசுதாரனுக்கு நேர்ந்த அநீதியைக் கண்ட கண், மிராசுதாரனுக்குக் கீழிருந்தவனையும் அதே அளவு கண்டிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

எல்லிஸின் மனத்தில் ஈரமில்லாமல் இல்லை. 1818-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இருபத்தேழு கிணறுகள் தோண்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றருகே குறளையே சான்றுகாட்டித் தமிழ்ப் பாட்டில் கல்வெட்டும் பொறிப்பித்தார். குறள் உரைகாரரும் கலெக்டரும் அங்கு ஒருவராய் நின்றனர்.

நாற்பது வயது நிரம்பும்வரை தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிடுவதில்லை என்று அவர் உறுதிகொண்டிருந்தாராம். 1819-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தென்னாட்டுப் பயணத்தில், இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களிற் பல மதுரையில் ஒரு துரையின் சமையற்காரனால் அடுப்பெரிக்கப்பட்டன என்று வால்ட்டர் எலியட் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். அரசு முன்பே அச்சிட்டிருந்தமையால் மிராசு விடைகள் தப்பின.