கூட்டத்துல ஒளிஞ்சுக்க முடியாத அடையாளம்... குரு கோவிந்த் சிங் வாழ்க்கை சொல்லும் ஐந்து 'க' கதை!

ஜேஜேன்னு கூட்டம் நிக்கிற ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு சீக்கியரைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தலைப்பாகை, தாடி, கையில இரும்புக் காப்பு... தூரத்துல வரும்போதே தெரிஞ்சிடும். அப்படித் தெரியணும்ங்கிறதுதான் அந்தக் கோலத்தோட நோக்கமே. எங்கே போனாலும் தன்னை மறைச்சுக்கவே முடியாதபடி ஒரு சமூகம் ஏன் உடுத்த ஆரம்பிச்சுது? பதில், ஒரு மனிதரோட வாழ்க்கையில இருக்கு. அவர் சீக்கியர்களின் பத்தாவது குரு, குரு கோவிந்த் சிங்.

டெல்லியில் நடந்த அந்த மரணம்

1666 டிசம்பரில் பாட்னாவில் பிறந்தவர். அப்போ அவர் பெயர் கோவிந்த் ராய். அப்பா, ஒன்பதாவது குருவான தேக் பகதூர். சிறுவனா இருக்கும்போதே குடும்பம் பஞ்சாபில், சிவாலிக் மலையடிவாரத்துல இருக்கிற அனந்த்பூருக்கு வந்துடுச்சு.

அது ஔரங்கசீப் காலம். மதம் மாறச் சொல்லி நெருக்கடி கொடுக்குறாங்கன்னு காஷ்மீர் பண்டிதர்கள் தேக் பகதூரிடம் வந்து முறையிட்டதா சீக்கிய மரபு சொல்லுது. வேறொரு மதத்தாரின் நம்பிக்கையைக் காப்பாத்தப் போனவர், தன் உயிரையே கொடுத்தார். 1675 நவம்பரில் டெல்லி சாந்தினி சௌக்கில், ஊரே பார்க்க அவர் தலை துண்டிக்கப்பட்டது.

அங்கே நின்ன கூட்டத்துல சீக்கியர்களும் இருந்தாங்க. ஆனா, நான் இவருடைய சீடன்னு முன்னாடி வந்து சொல்ல அந்த நேரத்துல துணிச்சல் வரல. பார்த்தா யாரு சீக்கியர், யாரு இல்லைன்னு தெரியாது. கூட்டத்தோட கூட்டமா நின்னுட முடிஞ்சுது.

பிறகு பாய் ஜைதா என்பவர் யாருக்கும் தெரியாம குருவின் தலையை எடுத்துக்கிட்டு அனந்த்பூர் வந்து சேர்ந்தார். அன்றைய சமூகம் தீண்டத்தகாதவர்னு ஒதுக்கி வெச்சிருந்த பிரிவில் பிறந்தவர் அவர். லக்கி ஷா என்ற வணிகர் உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டு போய், வீட்டோடு சேர்த்துத் தீ வெச்சார். வெளியே சிதை மூட்டினா மாட்டிக்குவோம்னு, சொந்த வீட்டையே சிதையாக்கிட்டார்.

அப்பாவின் தலையை வாங்கிக்கொண்ட கோவிந்த் ராய்க்கு ஒன்பது வயசுகூட நிறையல. இனி ஒரு சீக்கியர் ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் தனியா தெரியணும்னு அவர் மனசுல விழுந்த விதை அதுதான்னு சீக்கியர்கள் நம்புறாங்க.

தலை கேட்ட குரு

1699-ம் ஆண்டு, வைசாகித் திருநாள். அனந்த்பூரில் பெரும் கூட்டம். உருவிய வாளோடு வந்து நின்ன குரு, தனக்கு ஒரு தலை வேணும்னு கேட்டார். கூட்டம் உறைஞ்சுபோச்சு. லாகூரைச் சேர்ந்த தயா ராம் எழுந்தார். குரு அவரைக் கூடாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போய், ரத்தம் சொட்டும் வாளோடு வெளியே வந்து அடுத்த தலையைக் கேட்டார். இப்படியே ஐந்து பேர். கடைசியில ஐந்து பேரும் உயிரோடு, புது உடையில் வெளியே வந்தாங்கங்கிறது மரபு சொல்லும் கதை.

அந்த ஐவர் யார்னு பாருங்க. லாகூரிலிருந்து ஒருத்தர், ஹஸ்தினாபூரிலிருந்து ஒருத்தர், பூரியிலிருந்து தண்ணீர் சுமப்பவர், துவாரகையிலிருந்து துணிக்கு அச்சு போடுபவர், நம்ம பக்கத்து கர்நாடகாவின் பீதரிலிருந்து முடி திருத்துபவர். வேற வேற சாதி, வேற வேற ஊர். இரும்புக் கிண்ணத்தில் சர்க்கரை கலந்த நீரை இருபுற வாளால் கலக்கி, ஐவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து கொடுத்தார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் பெயர்கள் போய், எல்லோரும் 'சிங்' ஆனாங்க. பெண்களுக்கு 'கௌர்'. அடுத்து குரு செஞ்சதுதான் யாரும் எதிர்பார்க்காதது. அதே ஐவர் முன்னாடி மண்டியிட்டு, தனக்கும் அதைக் கொடுக்கச் சொன்னார். கோவிந்த் ராய், கோவிந்த் சிங் ஆனார். இப்படிப் பிறந்ததுதான் கால்சா.

ஐந்து 'க'

கால்சாவில் சேர்ந்த ஆண், பெண் இருவருக்கும் ஐந்து அடையாளங்கள். இந்த ஐந்தும் அன்றைக்கே ஒரே பட்டியலா வந்துச்சா, மெல்ல மெல்ல நிலைச்சதான்னு வரலாற்று ஆய்வாளர்கள் மத்தியில விவாதம் உண்டு. ஆனா அர்த்தம் தெளிவா இருக்கு.

கேஷ்: வெட்டாத முடி. இறைவன் கொடுத்த உடம்பைக் கொடுத்தபடியே ஏற்பது.

கங்கா: மரச்சீப்பு. முடி வளர்த்தா மட்டும் போதாது, சடை பிடிக்க விடாம தினமும் வாரணும். உலகத்தை விட்டு ஓடிப்போகாத, ஒழுங்கான வாழ்க்கையின் அடையாளம்.

கரா: காப்பு. தங்கமோ வெள்ளியோ இல்ல, இரும்பு. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒண்ணுதான். எதைச் செய்ய நீட்டினாலும் அந்தக் கையில குருவின் நினைப்பு இருக்கணும்.

கச்சேரா: முழங்காலுக்கு மேல நிற்கும் உள்ளாடை. குதிரை ஏறவும் ஓடவும் வசதி. ஒழுக்கத்துக்கும் அடையாளம்.

கிர்பான்: குறுவாள். மிரட்ட இல்ல, பலமில்லாதவங்களைக் காக்க.

கவனிச்சீங்களா? தலைப்பாகை இந்த ஐந்துல இல்ல. வெட்டாத கேசத்தைக் காக்கும் மரியாதையாகத்தான் அது தலை மேல ஏறுது.

அடையாளத்துக்குக் கொடுத்த விலை

அந்த வைசாகி முடிஞ்சு ஏழு வருஷம் ஆகுறதுக்குள்ள, முகலாயப் படைகளும் மலைநாட்டு அரசர்களும் சூழ்ந்ததால குரு அனந்த்பூரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. சம்கௌரில் சுமார் 40 பேரோடு பெரும் படையை எதிர்கொண்டார். பதின்ம வயதிலிருந்த மூத்த மகன்கள் அஜித் சிங், ஜுஜார் சிங் அங்கே விழுந்தாங்க. இளைய மகன்கள் சோராவர் சிங், ஃபதே சிங் பிடிபட்டு சிர்ஹிந்துக்குக் கொண்டுபோகப்பட்டாங்க. மதம் மாற மறுத்த, பத்து வயசுகூட ஆகாத அந்தப் பிள்ளைகளை உயிரோடு சுவருக்குள் வெச்சுக் கட்டினாங்கன்னு மரபு சொல்லுது.

சம்கௌரிலிருந்து தப்பிக்க குரு தானா முடிவெடுக்கல. கூட இருந்த ஐந்து சீக்கியர்கள் கட்டளையிட்டதாலதான் கிளம்பினார்னு சொல்வாங்க. ஐவருக்கு முன்னாடி மண்டியிட்டவர், ஐவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். மச்சிவாரா காட்டுப் பக்கம் நபி கான், கனி கான் என்ற இரு முஸ்லிம் சகோதரர்கள் அவரைத் தங்கள் பீர், அதாவது ஞானகுரு மாதிரி நீல உடை உடுத்தச் சொல்லி, கட்டிலில் வெச்சு தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தினாங்க.

ஒளியக் கூடாதுன்னு சொன்னவரே வேஷம் போடலாமான்னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்வி. ஆனா அவர் மாத்தினது உடையை மட்டும்தான், நம்பிக்கையை இல்ல. அதுக்கப்புறம் அவர் அமைதியா இருந்துடவும் இல்ல. ஔரங்கசீப்புக்கே பாரசீக மொழியில ஒரு கடிதம் அனுப்பி, கொடுத்த வாக்கை மீறினதுக்குக் கணக்குக் கேட்டார். அதுதான் ஸஃபர்நாமா.

1708 அக்டோபரில், கோதாவரிக் கரையில இருக்கிற நாந்தேடில், கத்திக்குத்துக் காயத்தால் குரு இறந்தார். வயசு 41தான். தனக்குப் பிறகு மனிதர் யாரும் குரு இல்லை, குரு கிரந்த் சாஹிப் நூலே குருன்னு சொல்லிட்டுப் போனார்.

இன்னைக்கும்...

கிர்பான் அணிவதை சீக்கிய மதத்தின் பகுதியா நம்ம அரசியலமைப்பின் 25-வது பிரிவே ஏத்துக்கிட்டிருக்கு. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனா அந்தக் கோலத்தோட வாழ்றது எப்பவும் சுலபமா இருந்ததில்ல. 1984-ல் டெல்லிக் கலவரத்தில், அதே தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துத்தான் தேடித் தேடிக் கொன்னாங்க. உயிர் பிழைக்கக் கேசத்தை வெட்டிக்கிட்டவங்களும் உண்டு. மத்தவங்க அப்படியே நின்னாங்க.

ஸ்டைலுக்காக நீங்களும் ஒரு காப்பு போட்டிருக்கலாம். வேண்டாம்னா சட்டுனு கழட்டி வெச்சிடலாம். அடுத்த முறை ஒரு சீக்கியரின் கையில அந்த இரும்பு வளையத்தைப் பார்க்கும்போது சாந்தினி சௌக்கை நினைச்சுக்கோங்க. கூட்டத்துல கரைஞ்சு போறது ரொம்ப ஈஸி. நான் இன்னார்னு தெரிய நிக்கிறதுக்குத்தான் துணிச்சல் வேணும்.