நாடக மேதை மோலியேர்: வாழ்வும் அடக்கமும்

பிரெஞ்சு நாட்டின் ஒப்பற்ற நகைச்சுவை நாடகாசிரியர் மோலியேர். தாம் எழுதிய நாடகங்களில் தாமே முக்கிய வேடமேற்று நடித்தவர். பாரிஸ் நகரின் புனித எஸ்தாக்கியார் ஆலயத்தில் 1622 ஜனவரி 15-ம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய இயற்பெயர் ழான் பாப்திஸ்த், அதாவது ஸ்நாபக அருளப்பரின் பெயர். ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், அதே பங்கின் குருவானவர் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் தர மறுத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட வாழ்க்கை நாம் சிந்திக்கத்தக்கது.

தந்தை அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை முதலியன செய்து கொடுத்த வசதியான வணிகர். பத்து வயதில் தாயை இழந்த மோலியேர், இயேசு சபைக் குருக்கள் நடத்திய கிளேர்மோன் கல்லூரியில் பயின்றார். பின்னர் சட்டமும் படித்தார். தந்தையின் அரண்மனைப் பதவி அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் 1643-ல் அந்த உரிமையைத் துறந்து, மதலேன் பெஜார் என்னும் நடிகையுடனும் வேறு சிலருடனும் சேர்ந்து நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். குழு நட்டமடைந்தது, 1645-ல் கடனுக்காகச் சிறை செல்லவும் நேர்ந்தது. அதன்பின் பாரிஸை விட்டு, ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்தார்.

1658 அக்டோபரில் குழுவினர் பாரிஸ் திரும்பி, மன்னர் பதினான்காம் லூயி முன்னிலையில் நடித்தனர். முதலில் ஆடிய சோக நாடகத்தைவிட, பின்னர் ஆடிய சிறு நகைச்சுவை நாடகமே மன்னரை மகிழ்வித்தது. அன்று கிடைத்த அரச ஆதரவு அவருடைய இறுதிவரை நீடித்தது. கஞ்சர்கள், போலிக் கல்விமான்கள், பிரபுக்களைப்போல் நடிக்கும் புதுப்பணக்காரர்கள், இலத்தீன் பேசி நோயாளியை ஏய்க்கும் வைத்தியர்கள் ஆகியோரெல்லாம் அவர் மேடையில் நகைப்புக்கு ஆளாயினர்.

பெரும் புயலைக் கிளப்பியது 1664 மே மாதம் வெர்சாய் அரண்மனையில் நடிக்கப்பட்ட ‘தார்த்தூஃப்’ என்னும் நாடகம். பக்திமான் வேடமிட்ட ஒருவன் செல்வர் ஒருவரின் இல்லத்தில் புகுந்து, அவர் சொத்தைக் கைப்பற்றி, அவர் மனைவிக்கும் வலைவிரிக்கும் கதை அது. பொதுமக்கள் முன் நடிக்கத் தடை வந்தது. 1667-ல் திருத்தி நடித்தபோது, அதைப் பார்ப்போரும் படிப்போரும் திருச்சபைக்குப் புறம்பாவர் எனப் பாரிஸ் பேராயர் எச்சரித்தார். 1669 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. எதிர்த்தவர் அனைவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர். மெய்ப்பக்தியையும் மாய்மாலத்தையும் மக்கள் பிரித்தறிய மாட்டார்களே என அஞ்சிய நல்லோரும் இருந்தனர். ஆனால் மோலியேர் தாக்கியது வேடத்தையே, பக்தியையன்று.

1673 பிப்ரவரி 17. நெஞ்சு நோயால் வாடிய மோலியேர், தம் கடைசி நாடகமான ‘கற்பனை நோயாளி’யின் நான்காம் காட்சிநாளில் மேடையேறினார். நாடகத்தை நிறுத்தினால் கூலியாட்கள் அன்றைய ஊதியத்தை இழப்பார்களே என்றுதான் ஓய்வெடுக்க மறுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நோயில்லாத நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தவரை மெய்யான நோய் உலுக்கியது. இருந்தும் இறுதிவரை நடித்து முடித்தார். வீடு சேர்ந்ததும் குருவானவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். இருவர் வர மறுத்தனர் என்றும், மூன்றாமவர் வருவதற்குள் உயிர் பிரிந்தது என்றும் அவர் மனைவி அர்மாந்து பேராயருக்கு எழுதிய மனு தெரிவிக்கிறது.

மறுப்புக்குக் காரணம் அக்காலப் பாரிஸ் மறைமாவட்டத்தின் ஒழுங்கு. நடிகர்கள் தம் தொழிலைத் துறப்பதாக வாக்களித்தாலன்றி அவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் இல்லை. சரியாக ஓராண்டுக்கு முன் இறந்த மதலேன் பெஜார் அவ்வாறே துறந்து, ஆலயச் சடங்குகளுடன் அடக்கம் பெற்றார். மோலியேருக்கோ அந்த வாக்கைத் தர நேரமில்லை. அர்மாந்து மன்னரிடமும் முறையிட்டார். இறுதியில் பேராயர் இசைந்தார்: இரு குருக்கள் மட்டும், இரவு நேரம், ஆடம்பரத் திருப்பலி கூடாது. பிப்ரவரி 21 இரவு, தீப்பந்த வெளிச்சத்தில், புனித சூசையப்பர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பெருங்கூட்டம் திரண்டிருந்தது.

காலம் மாறியது. இளமையில் போலந்து நாட்டில் நடிகராயிருந்து, நாடகங்களும் எழுதிய ஒருவர் 1978-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். அவர் 1999-ல் கலைஞர்களுக்கென்றே மடல் வரைந்து, அவர்களின் பணியைப் போற்றினார். முன்னொருநாள் இரவில் ஒதுக்கிய கலையைத் திருச்சபை பகலில் வரவேற்றது.

அன்பார்ந்த பங்கு மக்களே, மோலியேரின் ஆன்மாவுக்குத் தீர்ப்பளிக்க நாம் யார்? அது இறைவனுக்குரியது. நமக்குரியவை இரண்டு. தார்த்தூஃபைப் பார்த்து அண்டைவீட்டாரை நினையாமல், குருக்களாகிய நாங்கள் முதற்கொண்டு ஒவ்வொருவரும் நம்மையே சோதித்தறிதல் ஒன்று. பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயருள்ள எவரேனும், எத்தனை ஆண்டு விலகியிருந்தாலும், சாகும் தறுவாயில் ஆள் அனுப்பினால் தயங்காமல் விரைதல் மற்றொன்று. ஜூபிலி கொண்டாடும் பங்கிற்கு இதைவிடப் பெரிய பெருமை வேறில்லை.