ஆற்று மணலை அறிந்த ஆர்தர் காட்டன்

செய்யாற்றில் புதுவெள்ளம் வரும்போது ஒரு செம்பு நீரை மொண்டு வைத்தால், சற்று நேரத்தில் அடியில் வண்டல் படிந்துவிடும். நம் வெம்பாக்கம் வட்டாரத்து ஏரிகள் தூர்ந்துபோவது இவ்வாறுதான். இந்த வண்டலும் மணலும் ஒரு பேராற்றையே திசைமாற்ற வல்லவை என்று கண்டு, அதற்கு வழி செய்த பெரியார் சர் ஆர்தர் காட்டன். அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரில் தருகின்றோம்.

1803 மே 15 அன்று இங்கிலாந்தில், பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில் பத்தாவது மகனாகப் பிறந்தார். 1821இல், பதினெட்டு வயதில், பொறியாளராகச் சென்னை வந்து சேர்ந்தார்.

அந்நாளில் தஞ்சைத் தரணி தண்ணீரின்றித் தவித்தது. காரணம் மழைக்குறைவு அன்று. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன அல்லவா? கொள்ளிடம் சரிவு மிகுந்தது. காவிரி சரிவு குறைந்தது. வேகம் தளர்ந்த நீர் தான் சுமந்து வரும் மணலைக் கீழே போட்டுவிடும். ஆகவே காவிரியின் முகப்பு ஆண்டுதோறும் மேடிட்டது. வெள்ளமெல்லாம் கொள்ளிடம் வழியே வீணே கடலில் கலந்தது. மணலை அள்ளிக் கொட்டினாலும் அடுத்த வெள்ளம் மீண்டும் கொண்டுவந்து நிரப்பியது.

காட்டன் ஆற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. மணலை ஆறே அடித்துச் செல்லும்படி, 1830ஐ ஒட்டிக் கல்லணையில் மணற்போக்கிகள் அமைந்தன. 1836 வாக்கில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. பிறகு நடந்ததுதான் வேடிக்கை! காவிரியில் நீர் மிகுந்து, அதன் படுகை அளவுக்கு மீறி அரிக்கப்படலாயிற்று. அதைத் தடுக்கக் காவிரியின் குறுக்கேயும் ஓர் அணை கட்ட வேண்டியதாயிற்று.

இன்று இத்தகைய மாறுதல்களை அளந்தே அறிகிறார்கள். மத்திய நீர்வள ஆணையத்தார் முசிறி போன்ற இடங்களில், ஆற்றின் ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கிய புட்டியில் நீரெடுத்து, வடிகட்டி, உலர்த்தி, மண்ணை நிறுத்துப் பார்க்கின்றனர். ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம் என்பது கணக்கு. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆழ்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையை, கல்லணை கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தவர் ஒருவர் அவ்வாறு சொன்னதை நாம் பெரிதாகவே மதிக்கிறோம். அந்த வித்தையைக் கொண்டே, 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையைக் கட்டினார். 1833இன் கொடும் பஞ்சத்தைக் கண்ட ஆந்திர நாடு அது.

இடையே உடல்நலம் குன்றி டாஸ்மேனியா சென்று தேறினார். 1841இல் எலிசபெத் லியர்மந்த் அம்மையாரை மணந்தார். 1861இல் சர் பட்டம் பெற்றார். இரயில் பாதைகளைவிடக் கால்வாய்களே இந்தியாவுக்கு வேண்டும் என்று வாதாடி, மேலதிகாரிகளின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். ஆழ்ந்த இறைபக்தியுடன் வாழ்ந்த இவர், 1899 ஜூலை 24இல் தமது 96ஆம் வயதில் காலமானார். கோதாவரிக் கரை உழவர்கள் இன்றும் மே 15 அன்று அவர் சிலைக்கு மாலை சூட்டுகின்றனர்.